படர்தாமரை: குழந்தைக்கு மட்டும் மருந்து போதாது

(நம் மருத்துவமனையின் நன்கொடையாளர் கூட்டத்தில் குழந்தைகள் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பல ஆண்டுகளாக நமக்கு உதவிவரும் ஒரு பெரியவர் என் அருகில் வந்தார். "டாக்டரம்மா, மருந்துக் கணக்கைப் பார்த்தேன். இதயம், சிறுநீரகம் என்றால் புரிகிறது. சொறிக்கும் படைக்குமா இவ்வளவு மருந்து?" என்று கேட்டார். அவர் குறை சொல்லக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார். அன்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். அது சரியான பதில் அல்ல என்று பிறகு தோன்றியது. ஆகவே இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தை முழுவதும் அந்தக் கேள்விக்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அவளுக்கு எட்டு வயது. ஒரகடம் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறாள். தகப்பனார் ஒப்பந்தத் தொழிலாளி, வடமாநிலத்திலிருந்து வந்தவர். கழுத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். ஓரம் சிவந்து, சற்றுத் தடித்து, செதில் செதிலாக இருந்தது. நடுப்பகுதி தெளிவாக இருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது, படர்தாமரை. களிம்பு எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தார்கள், வட்டம் மூன்றாகியிருந்தது. இன்னொரு களிம்பு கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது வயிறு, தொடை, முகம் என்று பரவியிருந்தது. "பக்கத்தில் உட்காரக் கூடாது என்கிறார்கள், அதனால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை" என்று தாயார் அழுதார். மூன்று முறை பார்த்தும் அந்தக் குழந்தையை நான் குணப்படுத்தவில்லை. ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அந்தக் கதையின் முடிவைக் கடைசியில் சொல்கிறேன்.

இது என்ன வியாதி?

ஆங்கிலத்தில் இதை 'ரிங்வார்ம்' என்கிறார்கள். ஆனால் இதில் புழு எதுவும் கிடையாது. நம் கிராமங்களில் 'வண்டுகடி' என்பார்கள். வண்டும் கடிக்கவில்லை. இது ஒரு பூஞ்சை, அதாவது ஊறுகாய் ஜாடியிலும் ஈரச் சுவரிலும் பூக்கிறதே, அந்த வகையைச் சேர்ந்தது. நம் தோலின் மேல்தட்டு, முடி, நகம் ஆகியவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற பொருளே அதற்கு உணவு. ஓர் இடத்தில் தொற்றி, நான்கு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெளியே தெரியும். அங்கிருந்து நாலா பக்கமும் வெளிநோக்கிப் படரும். உள்ளே இருந்த தோல் ஆறத் தொடங்கும். அதனால்தான் வட்டம் உண்டாகிறது. உயிருள்ள பூஞ்சை பெரும்பாலும் ஓரத்தில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து போடும்போது இது தேவைப்படும்.

தலையில் வந்தால் வேறு விதம். அங்கே வட்டம் தெளிவாகத் தெரியாது. பொடுகு போலச் செதில் இருக்கும், ஆங்காங்கே முடி உதிர்ந்த திட்டுகள் இருக்கும். முடி தோல் மட்டத்திலேயே முறிந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பின்கழுத்தில் நெறி கட்டியிருக்கும். சில பிள்ளைகளுக்குத் தலையில் மெத்தென்று வீங்கிச் சீழ் கோத்தது போலாகிவிடும். தாய்மார்கள் அதைக் கட்டி என்று நினைத்து நாட்டு வைத்தியரிடம் கீறச் சொல்கிறார்கள். கீறக் கூடாது. அது பூஞ்சைக்கு எதிராக உடம்பு செய்யும் போராட்டம். மாத்திரை கொடுத்தால் அடங்கும். தாமதித்தால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போய்விடக்கூடும்.

எதைப் படர்தாமரை என்று நினைக்கக் கூடாது?

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை அல்ல. பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலான வெள்ளைத் திட்டுகள் வருவதுண்டு. அது பெரும்பாலும் வறண்ட தோலினால் வருவது, தானே மறையும். மார்பிலும் முதுகிலும் பொடிப் பொடியாக வரும் தேமலும் பூஞ்சையால் வருவதுதான், ஆனால் இனம் வேறு. விரல் இடுக்கில் அரித்து, இரவில் அரிப்பு அதிகமானால் அது சிரங்காக இருக்கலாம். கரப்பானும் சில சமயம் காசு வட்டமாகவே வரும்.

முக்கியமான ஒன்று மிச்சமிருக்கிறது. தோலில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு இருந்து, அங்கே அரிப்பில்லாமல், தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனால், அங்கே திருமணியில் மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955இல் மத்திய அரசு ஏற்பதற்கு முன் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக இருந்தது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் போன்றவர்கள் பணியாற்றிய இடம். தோலில் ஒரு திட்டு வந்தாலே ஊரை விட்டு விலக்கிய காலம் நம் பகுதிக்குப் புதிதல்ல. இன்று தொழுநோய்க்கு இலவச மருந்து இருக்கிறது, முழுக் குணம் உண்டு. ஆனாலும் திட்டைக் கண்டு பிள்ளையை ஒதுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. படர்தாமரை வந்த குழந்தைகூட அந்தப் பழைய பயத்தைத்தான் சுமக்கிறது.

சந்தேகம் வந்தால் ஒரு எளிய பரிசோதனை உண்டு. வட்டத்தின் ஓரத்திலிருந்து செதிலை மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கிளைவிட்ட நூல்கள் போலப் பூஞ்சை தெரியும். ஊசி இல்லை, வலி இல்லை. தாய் காத்திருக்கும்போதே முடிவு சொல்லிவிடலாம்.

இங்கே ஏன் இவ்வளவு?

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து நம் பகுதி மாறிய விதம் உங்களுக்குத் தெரியும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் செல்பேசித் தொழிற்சாலை வந்தது, 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் கார்களும் டயர்களும் தயாராகத் தொடங்கின. சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று நீண்டது. பிழைப்புத் தேடி தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாமிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். பெண் தொழிலாளர்களுக்கென்று 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் குடும்பத்தோடு வந்தவர்கள் இன்னும் லைன் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

லைன் வீடு என்றால் என்னவென்று பார்த்திருப்பீர்கள். மேலே தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ், வரிசையாக அறைகள், எல்லோருக்குமாக ஒன்றிரண்டு குளியலறைகள். லாரித் தண்ணீர் வரும் நாளில்தான் துணி துவைக்க முடியும். வெயிலில் காயப்போட இடமில்லை, அறைக்குள்ளேயே கயிறு கட்டிப் போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளானாலும் காயாது. அரை ஈரத்தோடு சீருடையை மாட்டிவிட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகிறது. தகப்பன் தடித்த சீருடையும் பாதுகாப்புக் காலணியும் போட்டு எட்டு மணி நேரம் வியர்வையில் நின்றுவிட்டு வந்து, அதே பாயில் படுக்கிறான். ஒரு துண்டு, ஒரு சீப்பு, ஒரு போர்வை முழுக் குடும்பத்துக்கும். பூஞ்சைக்கு வேண்டியது சூடு, ஈரம், நெருக்கம். இங்கே மூன்றும் கிடைக்கிறது.

கடையில் வாங்கும் களிம்பு

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் படர்தாமரை எளிய வியாதி. சாதாரணக் களிம்பை இரண்டு மூன்று வாரம் தடவினால் போய்விடும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அப்படி இல்லை. இந்தியா முழுவதும் தோல் மருத்துவர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள்: வியாதி பெரிதாகப் படருகிறது, மருந்துக்கு அடங்க மறுக்கிறது, குடும்பம் குடும்பமாக வருகிறது, முன்பு அதிகம் காணாத அளவுக்குச் சிறு குழந்தைகளுக்கும் வருகிறது. 2020இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பூஞ்சைக்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்: டிரைகோஃபைட்டான் இண்டோடினியே. இந்தியாவின் பெயரைத் தாங்கிய படர்தாமரை! டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்கு இது பல சமயம் கட்டுப்படுவதில்லை. 2023இல் நியூயார்க் நகரத்திலும் இது கண்டறியப்பட்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது.

இப்படி ஆனதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு காரணத்தை நாம் கையால் தொட்டுப் பார்க்கலாம். மருந்துக் கடையில் 'படைக்கு ஒரு டியூப் கொடுங்கள்' என்று கேட்டால், பல இடங்களில் மூன்று நான்கு மருந்துகள் கலந்த களிம்பைக் கொடுக்கிறார்கள். பூஞ்சையைக் கொல்ல ஒன்று, கிருமிக்கு ஒன்று, அவற்றோடு வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டு என்ன செய்கிறது? அரிப்பை நிறுத்துகிறது, சிவப்பை மறைக்கிறது. இரண்டே நாளில் சுகம் வந்தது போல இருக்கும். வேலைக்குப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் உண்மையில், தோல் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய எதிர்ப்பைத்தான் அது அடக்கியிருக்கிறது. பூஞ்சை சாகவில்லை, சத்தமில்லாமல் படருகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக வெடிக்கும். மறுபடி அதே டியூப். இப்படியே மாதங்கள் போகும். வட்டத்தின் வடிவமே மாறிவிடுவதால் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகிறது. தோல் மெலிந்து வரி வரியாக விழும், அந்த வரி மறையாது. பிள்ளைகளின் மெல்லிய தோலில் ஸ்டீராய்டு உடம்புக்குள்ளேயே போய் வளர்ச்சியைக்கூடப் பாதிக்கலாம்.

2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் கடை முன் நிற்பவருக்குச் சீட்டு வாங்க ஒரு நாள் கூலி போகும். ஆகவே டியூபின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது படர்தாமரைக்குப் போடக் கூடாத களிம்பு.

அவசர சுகத்திற்காகப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த கதை உலகில் இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் இஸ்ரேலில், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சுமார் 20,000 பேருக்குத் தலைப் படர்தாமரைக்காக எக்ஸ்ரே கதிர் செலுத்தி முடியை உதிர்த்தார்கள். அக்காலத்தில் பல நாடுகளில் அதுவே ஏற்றுக்கொள்ளப்பட்ட வைத்தியம். ஆனால் பின்னாளில் அவர்களிடையே மூளைக் கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் அதிகமாகக் காணப்பட்டன. 1994இல் அந்நாடு அவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சட்டம் இயற்றியது. 1950களின் இறுதியில் கிரைசியோஃபுல்வின் மாத்திரை வந்த பிறகே அந்த வழக்கம் ஒழிந்தது. அந்த மாத்திரையை இன்றும் நம் மருந்தகத்தில் வைத்திருக்கிறோம். அங்கேயும் பாதிக்கப்பட்டவர்கள் இடம்பெயர்ந்து வந்த ஏழைகளின் பிள்ளைகள் என்பதை நான் மறப்பதில்லை.

சரியான வைத்தியம்

உடம்பில் ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் இருந்தால் கிளோட்ரிமசோல் போன்ற, ஸ்டீராய்டு கலக்காத களிம்பு போதும். காலையும் மாலையும் குளித்துத் துடைத்து, தோல் உலர்ந்த பின் தடவ வேண்டும். நடுவில் மட்டும் தடவினால் பயனில்லை. பூஞ்சை ஓரத்தில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? வட்டத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை தூரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கித் தடவ வேண்டும். பிறகு கையைக் கழுவ வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வட்டம் மறைந்த பிறகும் மேலும் இரண்டு வாரம் தடவ வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். அரிப்பு நின்றதும் டியூபை மூடிவிடுகிறார்கள்.

பல இடங்களில் பரவியிருந்தாலும், களிம்புக்கு அடங்காவிட்டாலும் மாத்திரை தேவைப்படும். தலையில் வந்தால் களிம்பு வேலை செய்யாது. பூஞ்சை முடியின் வேருக்குள் இருக்கிறது, களிம்பு அங்கே போகாது. எடைக்கு ஏற்ப மாத்திரையை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். கிரைசியோஃபுல்வின் என்றால் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம். அதைப் பால், முட்டை போன்ற கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். மொட்டை அடிக்கத் தேவையில்லை.

வீட்டு வைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். சீமையகத்திக்கு 'வண்டுகொல்லி' என்றே பெயர். நம் முன்னோர் அதன் இலையைப் படைக்கு அரைத்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூண்டை அரைத்துக் கட்டி, தோல் வெந்து கொப்புளத்தோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மண்ணெண்ணெய் தடவியவர்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் தோலில் இவற்றைச் சோதிக்க வேண்டாம்.

பள்ளியைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சிகிச்சை தொடங்கிவிட்டால் பிள்ளை பள்ளிக்கு வரலாம். உடம்பில் உள்ள வட்டத்தைத் துணியால் மூடினால் போதும். சீப்பையும் தொப்பியையும் பகிர்ந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிள்ளையை ஒதுக்குவதில் எந்த மருத்துவ நியாயமும் இல்லை.

அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று?

நான்காவது முறை வந்தபோது, தாயாரிடம் ஒன்று கேட்டேன்: "வீட்டில் இருக்கிற எல்லா டியூபையும் எடுத்து வாருங்கள் அம்மா." மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் ஐந்து டியூப்களைக் கொண்டுவந்தார். நான்கில் ஸ்டீராய்டு. "யார் வாங்கியது?" என்றேன். அவர் தலை குனிந்துகொண்டார். நம் செவிலியர் ஒருவர் அன்று மாலை அந்த வீட்டுக்குப் போனார். தகப்பனுக்குத் தொடை இடுக்கில் ஒரு வருடமாக இருந்திருக்கிறது. வெட்கத்தால் சொல்லவில்லை. "தாத்" என்று மட்டும் சொன்னாராம். இந்தியிலும் வங்காளத்திலும் படர்தாமரைக்கு அதுதான் பெயர். தாய்க்கு இடுப்பில் இருந்தது. கைக்குழந்தையின் அரைஞாண் கயிற்றுக்குக் கீழே சிவந்த வளையம் இருந்தது. நான்கு பேரும் ஒரே துண்டில் துடைத்துக்கொண்டார்கள். நான் எழுதிக் கொடுத்த நல்ல களிம்பு தீர்ந்ததும், தகப்பனின் களிம்பையே பிள்ளைக்கும் தடவியிருக்கிறார்கள்.

தவறு அவர்களுடையது அல்ல, என்னுடையது. மூன்று முறையும் நான் பிள்ளையை மட்டுமே பார்த்தேன். "வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. நான் கேட்கவில்லை.

அதன்பின் நால்வருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்கினோம். ஸ்டீராய்டை நிறுத்தியதும் முதல் இரண்டு வாரம் அரிப்பு கூடும் என்று முன்னதாகவே சொல்லிவைத்தோம், இல்லாவிட்டால் மறுபடி கடைக்குப் போயிருப்பார்கள். கயிற்றை அவிழ்க்கப் பாட்டி சம்மதிக்கவில்லை. சுகமான பிறகு புதுக் கயிறு கட்டலாம் என்று பேசி, ஒப்புக்கொள்ள வைத்தோம். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சீப்பு. துணிகளை வெந்நீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் போடவும், வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போடவும் சொன்னோம். வீட்டுக்காரரிடம் பேசியதில் மாடியில் கயிறு கட்ட இடம் கொடுத்தார். அது எந்த மாத்திரைக்கும் குறைந்த மருந்தல்ல. மூன்று மாதம் ஆயிற்று. சிறுமி இப்போது பள்ளிக்குப் போகிறாள். தொடையில் சில வரிகள் மட்டும் தங்கிவிட்டன. அவை போகாது.

நண்பர்களே, அந்தப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். இந்த வியாதி உயிரைக் கொல்லாது. ஆனால் தூக்கத்தையும் பள்ளியையும் ஒரு பிள்ளையின் மரியாதையையும் பறிக்கும். இதற்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த இயந்திரம் அல்ல. கலப்பில்லாத களிம்பு, நான்கு துண்டுகள், வீடு வரை நடந்துபோக ஒரு செவிலியர், "வீட்டில் வேறு யாருக்கு?" என்ற ஒரு கேள்வி, இவ்வளவுதான்.

நீங்கள் வீட்டுக்குப் போனதும் உங்கள் மருந்துப் பெட்டியைத் திறந்து, அங்கே இருக்கும் டியூபின் பெயரைப் படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவும் காவலாளியும் எந்த டியூபைப் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியால் ஒரு பிள்ளை தப்பினாலும், இன்று நான் பேசியது வீண் போகாது.